பேச்சு டீச்சரின் படங்கள்

ஜெபசெல்வி என்று பெயர் சொல்லி விசாரித்தால் தூத்துக்குடியில் ஒருத்தருக்கும் தெரியாது. பேச்சு டீச்சர் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பழைய பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கூட, "வாதம் வந்தவியளுக்குப் பேசச் சொல்லிக் குடுக்காவளே, அவியளா?" என்று கொண்டுபோய் வாசலிலேயே இறக்கிவிடுவார். முனைவர் பட்டம், பேராசிரியர் பதவி, வெளிநாட்டுப் பத்திரிகைகளில் கட்டுரை என்று எவ்வளவோ இருந்தும் ஊர் அவளை டீச்சராகவேதான் வைத்திருந்தது. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாசரேத்தில் அப்பா டீச்சர், அம்மா டீச்சர், சித்திமார் அத்தனை பேரும் டீச்சர். அந்த வீட்டில் பிறந்து வேறு ஏதாவது ஆகியிருந்தால்தான் ஆச்சரியம்.

பேச்சு வராதவர்களைப் பேசவைக்கிற படிப்புக்கு மைசூருக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது சித்தி ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "பேசுததுக்கு ஒரு படிப்பா? நம்ம குடும்பத்துல வாயை மூடச் சொல்லிக் குடுக்கத்தாம்ளா படிப்பு வேணும்" என்றாள். ஜெபசெல்வி பெட்டியைக் கட்டினாள். பதில் சொல்லிச் சித்தியை ஜெயிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் சிலருக்குக் கை போகும், சிலருக்குக் கால் போகும். சிலருக்குச் சொல் போய்விடும். நாக்கு, தொண்டை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். தாகமாக இருப்பது தெரியும். எதிரே தண்ணீர்ச் செம்பு இருப்பதும் தெரியும். தண்ணீர் என்ற சொல் மட்டும் வராது. அஃபேசியா என்று அதற்குப் பெயர். ஜெபசெல்வியின் முப்பது வருஷம் அதில்தான் போயிற்று.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த நோயைச் சோதிக்க இருந்த படங்கள் எல்லாம் எங்கேயோ குளிர்தேசத்தில் வரைந்தவை. படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் மார்க் குறையும். பனியில் சறுக்குகிற வண்டியைக் காட்டினால் திரேஸ்புரத்தில் வலை இழுக்கிற மனுஷன் என்ன சொல்வான்? முழிப்பான். முழித்தால், சொல்லை இழந்துவிட்டான் என்று எழுதிவிடுவார்கள். தன்னிடம் எந்தக் காலத்திலும் இல்லாத ஒன்றை ஒருத்தன் எப்படி இழப்பான்? இந்தக் கோபத்தில் பிறந்ததுதான் அவளுடைய முனைவர் பட்டம். உப்பளம், மீன் ஏலக்கூடம், லாரிப்பேட்டை என்று அலைந்து, இந்தக் கரையில் இருக்கிறவர்கள் தினமும் கண்ணால் பார்க்கிற பொருள்களாகத் தேர்ந்தெடுத்து, அவள் ஒரு பெட்டி நிறையப் படம் செய்தாள். சங்கு, நங்கூரம், பனங்கிழங்கு, தார்ப்பாய், கப்பி. இன்றைக்கு இந்த ஜில்லாவில் பேச்சு போனவர்கள் யாராக இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

படங்களை வரைந்தது ஷாம் என்ற போர்டு ஆர்ட்டிஸ்ட். டவுனிலேயே வளர்ந்த ஆள், குழாயைப் பார்த்திருக்கிறாரே தவிரக் கிணற்றைப் பார்க்காதவர். கிணற்றில் கயிறு ஓடுகிற கப்பியை வரையச் சொன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒன்றை வரைந்து நீட்டினார். ஜெபசெல்விக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சனிக்கிழமையே நாசரேத்துக்குப் போனாள். வீட்டுக் கிணற்றின் சட்டத்திலிருந்து இரும்புக் கப்பியைக் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டுப் பெண் குழந்தையாக்கும் என்று எட்டிப் பார்த்தாள். சிறு வயதில் தினமும் விடிந்ததும் ஜெபசெல்வி தண்ணீர் இறைத்த கப்பி அது. எண்ணெய் விடாமல் விட்டுவிட்டால் கீச்சுக் கீச்சென்று தெருவையே எழுப்பும், அம்மா ஏசுவாள். அதை ஷாமின் மேஜைமேல் டொம்மென்று வைத்து, "இதைப் பாத்து வரையுங்க" என்றாள். பெட்டியில் இருக்கிறதிலேயே நல்ல படம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

மாணவிகளுக்கு அவள் வருஷா வருஷம் சொல்லுகிற பாடம் ஒன்று உண்டு. பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டுவாள்.

"இதுக்குப் பேர் வரலைன்னா பயப்பட வேண்டாம். முதல் எழுத்தை எடுத்துக் குடுங்க, வந்துரும். வராட்டாலும் கதவு திறக்கதுக்குன்னு கையால காட்டுவாவ. அது மறதி. ஆனா ஒருத்தர் சாவியைக் கையில வச்சுக்கிட்டு, 'இது எதுக்கு?'ன்னு நம்மகிட்டயே கேட்டா, அங்கனதான் பயப்படணும். அவருக்குப் போனது பேர் இல்ல. சாவியே போயிட்டு."

பக்கவாதம் ஒரே நாளில் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம். சாவியே போகிற இந்த நோய் அந்த ரகம் இல்லை. கரையான் மாதிரி உள்ளேயே இருந்து அரிப்பது, அரித்தது திரும்பாது. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள்.

இத்தனையும் தெரிந்தவளுக்குத்தான் அந்தப் பயம் வந்தது. ஒன்றும் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஐம்பது தாண்டி ஒரு பேர் மறந்தால், வயசாயிட்டு என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். ஜெபசெல்விக்கு அந்த வசதி இல்லை.

முதலில் போனது வடிகட்டி. ஒரு நாள் காலையில் டீ கொதிக்கிறது, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், சொல் வரவில்லை. "அந்த... அதை எடுங்களேன்" என்றாள். அவள் புருஷன் தேவதாசன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டு, நாள் முழுக்கப் போனில் கண்டெய்னர்க்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவர். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே வடிகட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஜெபசெல்வி மட்டும் டீ பொங்கி அடுப்பில் வழிகிறவரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு துடைப்பம் போயிற்று, இரண்டு நாள் கழித்து வந்தது. பிறகு வகுப்பில் திரையில் ஒரு படத்தைச் சுட்டிக் காட்டினாள். சொல்ல வாயைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனாலும் டீச்சர் வீட்டுப் பிள்ளை அல்லவா, சமாளித்தாள். "நானே சொன்னா எப்படி? இது என்னன்னு நீங்க சொல்லுங்க பாப்போம்" என்றாள். பிள்ளைகள் உற்சாகமாகச் சொன்னார்கள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பேர் வராவிட்டால் கேள்வியாகக் கேட்பாள், கையால் அபிநயம் பிடிப்பாள், சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுவாள். எல்லாம் அவள் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்த வித்தைகள். அவளிடமே படித்து இப்போது அதே துறையில் வேலை பார்க்கிற ரம்யா ஒரு நாள் வராந்தாவில் நிறுத்தி, "மேடம், உங்க கிளாஸ் இப்ப ரொம்ப நல்லாருக்குன்னு பிள்ளைய சொல்லுதாவ. நீங்க அவங்களையே யோசிக்க வைக்கிறீங்களாமே" என்றாள். பாவி, நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள். ஜெபசெல்வி பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

தேவதாசன் ஆபீசுக்குப் போனதும் அவள் அடுப்படியைச் சுற்றி வர ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகத் தொடுவாள். இடுக்கி, சூட்டுப் பாத்திரம் பிடிக்க. அகப்பை, குழம்பு கிண்ட. திருவலை, தேங்காய் திருவ. பேர் வராவிட்டால்கூட எதற்கு என்பது வந்துவிட்டதா, அப்பாடா என்று மூச்சு விடுவாள். பேர்தான் போகிறது, பொருள் போகவில்லை. இன்றைக்குத் தப்பித்தோம். காலை ஜெபத்துக்கு உட்கார்ந்தாலும் மனசு பரணில் இருக்கிற சாமான்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் போவதுதானே என்று கேட்பீர்கள். எந்த டாக்டரிடம்? ஆரம்பத்தில் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம், பேச்சைச் சோதித்தால்தான் பிடிபடும் என்று டாக்டர்களுக்கு மேடை போட்டுச் சொன்னவளே அவள்தான். அதனால் அவர்கள் நேரே பேச்சுச் சோதனைக்கு அனுப்புவார்கள். அனுப்புவது அவளுடைய துறைக்கு. ரம்யா எதிரே உட்கார்ந்து பெட்டியைத் திறப்பாள். அவளுடைய பெட்டி, அவளுடைய படங்கள். ஊர் ஊராய் அலைந்து அவள் பொறுக்கிய பொருள்கள்.

அதில்தான் வந்து மாட்டிக்கொண்டாள் ஜெபசெல்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெட்டியை மேஜைமேல் வைத்து, "ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுங்க. நான் பேர் சொல்லுதேன்" என்றாள்.

"எதுக்குளா?" என்றார் தேவதாசன்.

"எனக்குச் சொல்லு மறக்கு. பயமா இருக்கு."

"எனக்குந்தான் மறக்கு. போன வாரம் வந்த கப்பல் பேரு இன்னைக்கு ஞாபகம் இல்ல. வயசாவுதுல்லா?" என்று சொல்லிக்கொண்டே அவர் படத்தை எடுத்தார்.

சங்கு என்றாள். நங்கூரம் என்றாள். பனங்கிழங்கு, தார்ப்பாய், பூட்டு, கப்பி. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. தேவதாசன் சந்தோஷமாகிவிட்டார். கடைசிப் படத்தைக் கீழே வைத்துவிட்டு, "முழு மார்க்கு. சும்மா போட்டு உழப்பிக்கிடாத. படுத்துத் தூங்கு" என்றார்.

அவர் எழுந்து போன பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. படம் திரும்புவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டிருந்தாள். நங்கூரத்தைப் பார்த்து நங்கூரம் என்று சொல்லவில்லை, சங்குக்கு அடுத்தது நங்கூரம் என்று வாய் தானாகச் சொல்லியது. இத்தனை வருஷம் இத்தனை பேருக்குக் காட்டிய வரிசை. மூளை பாதி போன பிறகும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ஊரில் எல்லாரையும் பிடிக்கிற வலையை அவளே பின்னிவைத்திருக்கிறாள், அவளை மட்டும் அது பிடிக்காது.

அந்த வியாழக்கிழமை பொன்னுதுரை அண்ணாச்சி கடைக்குப் போகிற நாள். பீச் ரோட்டுக்குப் பின்னால் கயிறு, கொக்கி, சங்கிலி, படகுக்கு அடிக்கிற பெயிண்ட் எல்லாம் விற்கிற கடை. அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் விழுந்தது. சொன்னதெல்லாம் புரியும், கணக்கில் ஒருத்தன் ஏமாற்ற முடியாது. வாயில் மிச்சம் இருந்தது ஆமா, இல்ல, அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. அந்தக் கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாக, கணீரென்று வரும். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அதைச் சொல்லியே அவர் மறுத்துவிட்டதால் ஜெபசெல்வி கடைக்கே வந்துகொண்டிருந்தாள். மத்தியானம் வியாபாரம் கிடையாது. கல்லாவில் அவர் சம்சாரம் சண்முகவடிவு இருப்பாள். சுற்றிலும் கடை நிறையச் சாமான் குவிந்து கிடக்கும், ஜெபசெல்வி அதில் ஒன்றைத் தொட்டதில்லை. படப்பெட்டியைத் தவிர வேறு எதையும் வைத்துச் சோதிக்கக் கூடாது என்பது அவளுடைய ஒழுங்கு. படத்தைக் காட்டுவாள். அவர் திணறுவார். முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பாள். "இன்னொரு தடவை அண்ணாச்சி" என்பாள். எத்தனை முறை தவறினாலும் அதே குரலில், "இன்னொரு தடவை."

அன்றைக்குப் பூட்டுப் படத்தைக் காட்டினாள். அண்ணாச்சி உதட்டைக் குவித்துப் போராடினார். அவள் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தாள். "சா..." என்றாள்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். "இல்ல" என்றார்.

"சா... சொல்லுங்க அண்ணாச்சி."

"இல்ல." இடது கையால் படத்தைத் தட்டிக் காட்டினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாவிக்கு உள்ள எழுத்தைப் பூட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். சிரித்து மழுப்பப் பார்த்தாள். அடுத்த படத்தை எடுத்தாள். அண்ணாச்சி படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார். சொல்லைத் தேடி முட்டி நிற்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் பெட்டியை மூடினார். ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை இடது கையால் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்து, "ம்?" என்றார். அவள் கேட்பது போலவே புருவத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"பாத்தியளா, இப்ப அவிய டீச்சராயிட்டாவ" என்று கல்லாவிலிருந்து சண்முகவடிவு சிரித்தாள்.

ஜெபசெல்விக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் எங்கே போவது? இந்த ஊரில், ஏன், இந்த உலகத்தில் அவள் மனப்பாடம் செய்யாத ஒரே சோதனை இது. அவள் உட்கார்ந்தாள்.

"கயிறு" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை எடுத்து வந்தார். "கொக்கி." அடுத்தது. "சங்கிலி." அடுத்ததற்கு நின்றது. பார்க்கிறாள், மனசில் வாளிப் பெயிண்ட் தெரிகிறது, அடிக்கிற சுவர் தெரிகிறது, பேர் இல்லை. "ப்..." என்று அண்ணாச்சி உதட்டைக் குவித்தார். "பிரஷ்" என்று சொல் ஓடி வந்தது. முதல் எழுத்துக்கு வந்துவிட்டது. அப்படியானால் மறதிதான், வெறும் மறதி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. போதும், இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அண்ணாச்சி அதற்குள் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். இரும்பு. கனமாக இருந்தது. நடுவில் வட்டமாக ஒன்று, விளிம்பில் பள்ளம். விரலால் தள்ளினால் சுற்றியது. மேலே ஒரு வளையம்.

பேர் வரவில்லை. பரவாயில்லை, எதற்கு என்று பார், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அடுப்படியில் செய்கிற மாதிரியே தொட்டாள், தடவினாள். எதற்கு? கதவில் மாட்டவா? எடை போடவா? மறுபடியும் தள்ளினாள். சுற்றியது. எண்ணெய் இல்லாமல் கீச்சென்றது. அந்தச் சத்தமும் எதையும் கொண்டுவரவில்லை.

"க..." என்றார் அண்ணாச்சி.

அவள் அவருடைய வாயையே பார்த்தாள்.

"க... கப்..." அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை மேஜையைப் பிடித்துக்கொண்டது. நெற்றியில் வேர்வை. அந்தப் பாழாய்ப்போன கெட்ட வார்த்தை எட்டிப் பார்த்தது, அதை விழுங்கினார். மறுபடியும் உதட்டை ஒட்டினார். "கப்பி."

சண்முகவடிவு கல்லாவிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். "என்ன சொன்னிய? இன்னொரு மட்டம் சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு போனைத் தேடினாள். துபாயில் இருக்கிற மகனுக்கு, "ஏலே, அப்பாவுக்குப் பேச்சு வந்துட்டுல. கப்பின்னு சொல்லிட்டாவ. நல்லா, தெளிவா சொல்லுதாவ" என்று கடை வாசலுக்குப் போய் நின்று கத்தினாள்.

கப்பி. ஜெபசெல்விக்கு அந்தச் சொல் நன்றாகக் கேட்டது. உச்சரிப்பு சுத்தம் என்று பழக்கத்தில் மனசு மார்க்கும் போட்டது. கப்பி அவளுக்குத் தெரியும். பூட்டுக்கு அடுத்த படம். ஷாம் தப்பாக வரைந்தது ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் சேலையில் சுற்றி எதையோ மடியில் வைத்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது, பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்ததுகூட. சேலைக்குள் இருந்தது இதுவா? இதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள்?

சண்முகவடிவு வாசலில் போனில் சிரித்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி ஜெபசெல்வி மெல்லக் குனிந்து, இரும்பைக் கையில் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

பொன்னுதுரை அண்ணாச்சியின் முகத்திலிருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. சொல்வதற்கு அவரிடம் சொல் கிடையாது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். கயிற்றுச் சுருளிலிருந்து ஒரு முனையை இழுத்து, பல்லால் கடித்துப் பிடித்து, கப்பியின் பள்ளத்தில் கோத்தார். தலைக்கு மேல் தொங்கிய கொக்கியில் கப்பியை மாட்டினார். கயிற்றின் ஒரு முனையில் பெயிண்ட் டப்பாவைக் கட்ட ஒரு கையால் வெகு நேரம் ஆயிற்று. பிறகு மறுமுனையை இழுத்தார். டப்பா தரையிலிருந்து மேலே வந்தது. ஒரு கை என்பதால் இழுத்ததைக் காலால் மிதித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். மேலே வந்த டப்பாவைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவது போலக் காட்டினார். குடிப்பது போலவும் காட்டினார். காட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் கப்பியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.

"இன்னொரு தடவை அண்ணாச்சி" என்றாள்.